முதுசொமும் தேடியதேட்டமும்: கணினி மொழிகளில் வகுப்பு மரபுரிமை தோன்றிய வரலாறு

கணினிக்கு ஏவல் எழுதும் கலையிலே ‘வகுப்பு மரபுரிமை’ என்றொரு கருத்து உண்டு. கணினிப் பாடம் பயிலும் நம் பிள்ளைகள் அதன் வரைவிலக்கணத்தை மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் எழுதி விடுகின்றனர். அது யாரால், எந்த இடர்ப்பாட்டைத் தீர்க்கும் பொருட்டுக் கண்டறியப்பட்டது என்பதை அவர்களுட் பலர் அறியார். கருத்தொன்றின் பிறப்பை அறிந்தவனுக்கு அதன் வரைவிலக்கணத்தை மனனஞ் செய்யும் தேவை இல்லை. ஆதலின் இன்றைய பேச்சிலே அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

கலைத்துறையிற் பயின்ற ஒருவன் கணினியைப் பற்றிப் பேசத் துணிவதேன் என நேயர் சிலர் வினவலாம். பொருள்களை இனம் பிரித்து அறிதல் கணினிக்கு மிக முந்திய முயற்சி. ஒரு பொருளை வரையறுக்க வேண்டுமாயின், அதன் இனத்தை முதலிற் கூறி, பின்னர் அவ்வினத்துள் அதனை வேறுபடுத்தும் பண்பைக் கூறுக என்றார் அரிஸ்டோட்டில். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கும்பொழுது, ஒவ்வொரு படியும் தனக்கு முந்திய படியின் அறிவெல்லாம் பெற்று, மேலும் ஒன்றைக் கொண்டதாக அமைகின்றது. இந்நூல்களிலிருந்து கணினி மொழிகள் பிறந்தன என நான் கூறவில்லை. பொதுவை ஒருமுறை கூறி, சிறப்பை அதன்மேல் ஏற்றிக் கூறுவது மனித மனத்தின் இயற்கை என்பதையே சுட்டுகின்றேன். அவ்வியற்கையை இயந்திரத்துக்குக் கற்பித்த வரலாறே நாம் காணப்போவது.

முதலிற் சொற்களைத் தெளிந்துகொள்வோம். வகுப்பு என்றதும் கரும்பலகையும் வாங்கும் மேசையும் மனக்கண்முன் தோன்றும். இங்கே வகுப்பு என்பது ஓரினப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான வரைவு. பேருந்து என்பது ஒரு வகுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இன்றிரவு புறப்படும் குறித்த ஒரு பேருந்து அவ்வகுப்பைச் சேர்ந்த ஒரு பொருள். வரைவு ஒன்று, அதன்வழிப் பிறக்கும் பொருள்களோ பல. வரைவிலே இரண்டு கூறுகள் உள. எடை, நீளம், இருக்கைகளின் தொகை என்பன போன்ற இயல்புகள் ஒன்று. புறப்படுதல், நிற்றல், கட்டணஞ் செலுத்துதல் என்பன போன்ற செயல்கள் மற்றொன்று.

இனி மரபுரிமைக்கு வருவோம். தேசவழமையை அறிந்த நேயர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. முன்னோர் வழியாக வந்த சொத்தை முதுசொம் என்றும், இல்வாழ்க்கைக் காலத்தில் ஈட்டிய சொத்தைத் தேடியதேட்டம் என்றும் அவ்வழமை பிரித்துரைக்கும். ஒரு வகுப்பிலிருந்து மற்றொரு வகுப்பைப் பிறப்பிக்கும்பொழுதும் இவ்விரண்டுமே தோன்றுகின்றன. வாகனம் என்னும் தாய் வகுப்பிலிருந்து பேருந்து என்னும் சேய் வகுப்பு பிறக்குமாயின், எடையும் ஓட்டமும் அதற்கு முதுசொம். பயணிகளின் இருக்கைகள் அதன் தேடியதேட்டம். அதே தாயிடமிருந்து பாரவண்டி பிறக்குமாயின், முதுசொம் முன்னையதே. சுமையேற்றும் தட்டு அதன் தேடியதேட்டம்.

ஆயினும் இவ்வுவமைக்கு ஓர் எல்லை உண்டு. காணி பங்கிடுந்தோறும் குறையும். வகுப்பின் முதுசொம் எத்தனை சேய்களுக்குச் சென்றாலும் குறைவதில்லை. காணி கைமாறிய பின்னர்த் தந்தையின் எண்ணம் மாறினாலும் மகனின் வேலி நகராது. தாய் வகுப்போ என்றும் உயிரோடிருப்பது. அதிலே இன்று ஒரு திருத்தஞ் செய்தால், அதன் சேய்கள் அனைத்தும் அத்திருத்தத்தைத் தாமாகவே ஏற்கும். இதுவே மரபுரிமையின் பலம். அதன் பலவீனமும் இதுவே என்பதைப் பின்னர்க் காண்போம்.

வரலாறு நோர்வே நாட்டிலே தொடங்குகின்றது. 1926 இற் பிறந்த கிறிஸ்டன் நைகார்ட் என்பார், 1948 இல் கட்டாயப் படைச்சேவையின் பொருட்டு நோர்வேயின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். அந்நாட்டின் முதலாவது அணுவுலைக்கு வேண்டிய கணக்குகள் அப்பொழுது அங்கு நடந்துகொண்டிருந்தன. சூத்திரங்களால் தீர்த்தற்கு அரிய கணக்குகளை, தற்செயல் எண்களைக் கொண்டு பன்முறை நிகழ்த்திப் பார்த்து விடை காணும் முறையை அவர் ஆங்கே கையாண்டார். காலப்போக்கில் அவருடைய கவனம் தொழில் நிலையங்களின் பக்கம் திரும்பியது. பொருள்கள் வருகின்றன, வரிசையில் நிற்கின்றன, பணியைப் பெறுகின்றன, போகின்றன. எங்கே நெரிசல் உண்டாகும்? எத்தனை பணியாளர் வேண்டும்? இவற்றை அறிய வேண்டுமாயின், அந்நிலையத்தைக் கணினிக்குள் ஒரு மாதிரியாக அமைத்து நடத்திப் பார்த்தல் வேண்டும். ஆனால் அவ்வாறு விவரித்தற்குத் தக்க மொழி இருக்கவில்லை.

1960 இல் நைகார்ட் ஒஸ்லோவிலுள்ள நோர்வேக் கணிப்பு நிலையத்துக்கு மாறினார். மொழியொன்றை ஆக்கும் எண்ணம் வலுப்பெற்றதும், 1962 இல் ஓலே-யோஹான் டால் என்பாரின் துணையை நாடினார். 1931 இற் பிறந்த டால், கணினி மொழிகளின் அமைப்பிலே ஆழ்ந்த புலமை வாய்ந்தவர். ஒருவர் உலகை விவரிக்க விழைந்தார். மற்றவர் அவ்விவரணையை இயந்திரம் ஏற்கும்படி செய்யும் வழி அறிந்தவர். இருவரும் கூடி ஆக்கிய மொழிக்குச் சிமுலா என்று பெயர். யூனிவாக் நிறுவனத்தின் 1107 என்னும் கணினியைக் கணிப்பு நிலையம் சலுகை விலையில் வாங்கியபொழுது, சிமுலா மொழியை ஆக்கிக் கொடுத்தலும் அவ்வேற்பாட்டின் ஒரு பகுதியாயிற்று. 1963 இல் அக்கணினி ஒஸ்லோவில் நிறுவப்பட்டது. ஈராண்டுக்குள் முதலாவது சிமுலா பயனுக்கு வந்தது.

பயன்படுத்தத் தொடங்கியதும் குறையொன்று தலைகாட்டிற்று. அக்குறையை விளக்க அவர்கள் எடுத்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, பாலமொன்றின் கட்டணச் சாவடி. பாரவண்டிகளும் பேருந்துகளும் சாவடியின்முன் வரிசையில் நிற்கின்றன. வரிசை என்பது யாது? ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் நிற்பது எது, பின்னால் நிற்பது எது என்று அறிந்திருத்தல். இவ்வறிவு பாரவண்டிக்கும் வேண்டும், பேருந்துக்கும் வேண்டும். ஆனால் பாரவண்டியைத் தனியே விவரித்து, பேருந்தையும் தனியே விவரித்தால், இரண்டுக்கும் பொதுவானவற்றை இருமுறை எழுத நேர்கின்றது. பத்து வகை வாகனங்கள் உளவாயின் பத்து முறை. வீண் உழைப்பு மாத்திரமன்று. இவையெல்லாம் வாகனங்களே என்னும் உண்மை எழுத்திலே எங்கும் புலப்படாது போகின்றது. எழுதியவன் அறிவான், இயந்திரம் அறியாது, பின்னர் வாசிப்பவனும் அறியான்.

இந்நிலையில் 1966 ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு மலையூராகிய வில்லார்-த-லான்ஸில் ஒரு கோடைக்காலக் கல்விக்கூடம் நடைபெற்றது. அங்கே இங்கிலாந்து அறிஞர் டொனி ஹோர், பதிவுகளை வகுப்புகளாகவும், அவ்வகுப்புகளைக் கிளை வகுப்புகளாகவும் அமைக்கும் முறை பற்றி விரிவுரை நிகழ்த்தினார். டாலும் அக்கூடத்தில் விரிவுரையாளராகக் கலந்துகொண்டவர். ஹோரின் கருத்து இருவருக்கும் வழிகாட்டிற்று. ஆயினும் அதனை அவ்வண்ணமே எடுத்தாள அவர்களால் இயலவில்லை. ஹோர் கூறியவை இயல்புகளைத் தாங்கிய பதிவுகள். இவர்களுக்கு வேண்டியவையோ தாமாகவே இயங்கும் பொருள்கள்.

1966 முடிந்து 1967 பிறக்கும் வேளையில் தீர்வு கிடைத்தது. ஒரு பொருளை இரண்டு அடுக்குகளால் ஆனதாகக் கொள்ளலாம்: முன்னே நிற்கும் அடுக்கிலே பொதுவானவை, அதனோடு ஒட்டிய பின் அடுக்கிலே அதற்கே சிறப்பானவை. பொது அடுக்கை ஒருமுறை எழுதி வைத்து, வேண்டிய வகுப்புகளுக்கெல்லாம் முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். இதனை அவர்கள் ‘முன்னொட்டு’ என்றே அழைத்தனர். சிமுலா மொழியிலே சேய் வகுப்பை அறிவிக்கும்பொழுது தாயின் பெயரை முன்னே எழுதி, பின்னரே வகுப்பு என்னும் சொல்லையும் சேயின் பெயரையும் எழுதுவர். ‘வாகன வகுப்புப் பேருந்து’ என்று எழுதுவது போன்றது அது. அடைமொழியை முன்வைத்துப் பெயரைப் பின்வைக்கும் தமிழருக்கு இவ்வொழுங்கு மிக இயல்பாகத் தோன்றும். மரபுரிமை என்னும் சொல்லை அவர்கள் அப்பொழுது ஆளவில்லை. அச்சொல் பின்வந்தோரால் வழக்கிற்கு வந்தது.

அந்நாள்களில் நிகழ்ந்ததாக அவர்களே பிற்காலத்திற் பதிவுசெய்த செய்தியொன்று சுவையானது. நிலையத்திற் புதிதாய்ச் சேர்ந்த ஒருவர் நடுங்கியபடி தொலைபேசி இணைப்பாளரிடம் ஓடிச்சென்று, மாடியிலே கரும்பலகையின் முன் இருவர் கடுமையாகச் சண்டையிடுகின்றனர் என முறையிட்டாராம். இணைப்பாளர் சிறிது செவிகொடுத்துக் கேட்டுவிட்டு, அஞ்சவேண்டாம், அது டாலும் நைகார்டும் சிமுலா பற்றி உரையாடுவதே என்று தேற்றி அனுப்பினாராம். கருத்துகள் அமைதியாகப் பிறப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

1967 மே மாதத்தில், ஒஸ்லோவை அடுத்த லீசெபு என்னுமிடத்தில் நடந்த மாநாட்டிலே, வகுப்பும் சேய் வகுப்பும் பற்றிய கட்டுரையை அவர்கள் வழங்கினர். சிமுலா 67 என வழங்கும் மொழி அதன்வழி உருவாயிற்று. அதிலே மற்றுமொரு நுட்பமும் இருந்தது. தாய் வகுப்பு, ‘இச்செயல் எம் குடியில் உண்டு’ என்று மட்டும் அறிவிக்கலாம். அதனை எவ்வாறு செய்வது என்பதைச் சேய்கள் தத்தமக்கு ஏற்பக் கூறலாம். கட்டணச் சாவடியையே மீண்டும் நினைத்துப் பாருங்கள். ‘உன் கட்டணத்தைக் கணித்துச் சொல்’ என்று சாவடி கேட்கின்றது. பாரவண்டி தன் எடையைக் கொண்டு கணிக்கும். பேருந்து தன் இருக்கைகளைக் கொண்டு கணிக்கும். வந்து நிற்பது எவ்வகை வாகனம் எனச் சாவடி ஆராய வேண்டுவதில்லை. நாளை புதுவகை வாகனமொன்று வந்தாலும், சாவடியின் ஏவலில் ஓர் எழுத்தையேனும் மாற்ற வேண்டுவதில்லை. இன்று கணினி பயிலும் மாணவர் இதனையே பல்லுருத்தன்மை எனக் கற்கின்றனர்.

சிமுலாவின் விதை இரு திசைகளிற் சென்று முளைத்தது. ஒன்று அமெரிக்கா. 1966 இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த அலன் கே, முதலாவது சிமுலாவைக் கற்று, அதன் கருத்தால் ஈர்க்கப்பட்டார். பின்னர் சீரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்திலே ஸ்மோல்டோக் என்னும் மொழியைத் தம் குழுவினருடன் உருவாக்கினார். கவனிக்கத்தக்கது யாதெனின், 1972 இல் வெளிவந்த முதல் ஸ்மோல்டோக்கிலே மரபுரிமை இடம்பெறவில்லை. அதன் தன்மையை நன்கு விளங்கிக்கொள்ளும்வரை அதனைச் சேர்க்காதிருப்பதே நன்று என அவர் கருதினார். டான் இங்கல்ஸ் வடிவமைத்த 1976 ஆம் ஆண்டின் ஸ்மோல்டோக்கிலேயே அது இடம்பெற்றது.

மற்றது டென்மார்க்கைச் சேர்ந்த பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் வழியாகச் சென்றது. கேம்பிரிட்ஜிலே கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்த காலத்தில் அவர் சிமுலாவிற் செய்நிரல் எழுதினார். எண்ணத்தை எண்ணியவாறே எழுத அது இடந்தந்தது. ஆனால் ஓட்டமோ மிக மெதுவாக இருந்தது. 1979 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் சேர்ந்தபின், விரைவுக்குப் பெயர்பெற்ற சீ மொழியோடு சிமுலாவின் வகுப்புகளை இணைத்தார். அவ்விணைப்பே 1983 இற் சீ பிளஸ் பிளஸ் எனப் பெயர்பெற்று, 1985 இல் விற்பனைக்கு வந்தது. 1995 இல் வெளிவந்த ஜாவாவும் இவ்வழியில் வந்ததே. இங்ஙனம் இரு நோர்வேயர் கரும்பலகையில் எழுதிய கருத்து உலகெங்கும் பரவிற்று.

பரவியபொழுது அதன் நோக்கம் மெல்ல மாறியது. டாலும் நைகார்டும் மரபுரிமையை நாடியது, பேருந்தும் பாரவண்டியும் வாகனங்களே என்னும் உண்மையை எழுத்திற் புலப்படுத்தும் பொருட்டு. எழுதும் உழைப்புக் குறைந்தது அதன் உடன்விளைவு. பின்வந்தோருட் பலர் உடன்விளைவையே நோக்கமாகக் கொண்டனர். ஏற்கெனவே எழுதப்பட்ட வகுப்பொன்றில் தமக்கு வேண்டிய நான்கு செயல்கள் இருப்பின், உறவு உண்டோ இல்லையோ, அதனைத் தாயாக்கிக்கொண்டனர். சொத்துக்காகச் சொந்தங் கொண்டாடும் வழக்கம் கணினி மொழியிலும் புகுந்தது.

அதன் தீங்கை விளக்க ஆசிரியர்கள் வழக்கமாக எடுத்தாளும் எடுத்துக்காட்டு எளிமையானது. பறவை என்னும் தாய் வகுப்பிலே ‘பற’ என்னும் செயல் உண்டு. தீக்கோழியும் பறவையே என்று அதனைச் சேயாக்குகின்றோம். அது பறவாது. இனி, பறவைகளை நம்பி எழுதப்பட்ட ஏவல் ஒவ்வொன்றும், தீக்கோழி வந்து நிற்கும்பொழுது தடுமாறும். குற்றம் யாருடையது? தீக்கோழியினுடையதன்று. பறவை எனில் பறக்கும் என ஆராயாது வாக்களித்த வரைவே குற்றமுடையது.

இவ்விடத்திலேதான் அமெரிக்க அறிஞர் பார்பரா லிஸ்கொவ் 1987 இல் ஆற்றிய மாநாட்டுரை முதன்மை பெறுகின்றது. தாய் வகுப்பின் பொருள் நிற்கவேண்டிய இடத்திற் சேய் வகுப்பின் பொருளை நிறுத்தினால், அதனை நம்பியிருப்போருக்கு யாதொரு பிழையும் நேரக்கூடாது. அவ்வாறு நேராதாயின் மட்டுமே அது மெய்யான சேய் என்பது அவர் கருத்தின் சாரம். 1994 இல் ஜெனட் விங் என்பாருடன் அதனைக் கணித ஒழுங்கோடு விரித்தெழுதினார். இதன் உட்கிடையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். சேய் பெறுவது சொத்தை மட்டுமன்று. தாய் பிறருக்களித்த வாக்குறுதியையும் அது ஏற்கின்றது. முதுசொத்தை ஏற்பவன் அதன்மீதுள்ள கடனையும் ஏற்பது போன்றது இது.

வேறு இடர்ப்பாடுகளும் தோன்றின. தாயிற் செய்யும் திருத்தம் சேய்களுக்குத் தானாகவே செல்லும் எனக் கூறினேன் அல்லவா? தாயை எழுதியவர் ஓரிடத்திலும் சேயை எழுதியவர் வேறிடத்திலும் இருப்பின், முன்னவர் நல்லெண்ணத்தோடு செய்யும் சிறு திருத்தம், தாம் அறியாத நூறு சேய்களை முறித்துவிடக் கூடும். இரு தாயருக்கு ஒரு சேய் பிறக்க இடமளித்தால், ஒரே பெயர் கொண்ட இரு செயல்களுள் எதனை அது பெறும் என்னும் வழக்கு எழும். சீ பிளஸ் பிளஸ் 1989 இல் அதற்கு இடமளித்தது. ஜாவா வகுப்புகளுக்கு ஒரே தாய் எனக் கட்டளையிட்டு, வாக்குறுதிகளை மட்டும் பலரிடமிருந்து ஏற்கலாம் என விதித்தது. 1994 இல் எரிக் காமாவும் மற்று மூவரும் எழுதி வெளியிட்ட வடிவமைப்புக் கோலங்கள் பற்றிய நூல், இயன்றவிடத்தெல்லாம் மரபுரிமையை விடுத்து, ஒரு பொருள் மற்றொரு பொருளைத் தன்னகத்தே உறுப்பாகக் கொள்ளும் முறையை நாடுக என அறிவுறுத்தியது. பேருந்திலே இயந்திரம் உண்டு. அதனாற் பேருந்து இயந்திரத்தின் பிள்ளையாகாது. ‘ஆகும்’ என்பதற்கும் ‘உடையது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இது. 2009 இல் அறிவிக்கப்பட்ட கோ, 2015 இல் முதற் பதிப்புக் கண்ட ரஸ்ட் என்னும் மொழிகள் வகுப்பு மரபுரிமையை முற்றாகவே விலக்கின.

இவற்றைக் கேட்டு, மரபுரிமை தோல்வியுற்றதென எண்ணற்க. உண்மையான உறவை உரைக்க அது இன்றும் சிறந்த கருவியே. பொய்யான உறவை உரைக்கப் பயன்படுத்தியபொழுதே அது தீங்கு விளைத்தது.

நிறைவாக, பாடநூல்கள் பெரும்பாலும் கூறாது விடும் ஒரு பகுதியைக் கூறுதல் என் கடமை. தாம் ஆக்கிய மொழியாலே தொழில் நிலையங்களை விவரிக்கும்பொழுது, அங்கு உழைக்கும் மனிதரும் அவ்விவரணையின் உறுப்புகளாகின்றனர் என்பதை நைகார்ட் உணர்ந்தார். யார் விவரிக்கின்றாரோ அவர் கருத்துப்படியே தொழிலாளியின் நாளும் பணியும் வகுக்கப்படும். ஆகவே 1970 களின் தொடக்கத்தில் அவர் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, கணினியால் தம் தொழில் எவ்வாறு மாறும் என்பதைத் தொழிலாளர் தாமே ஆராய்ந்து அறியவும், அதிலே தம் கருத்தை வலியுறுத்தவும் துணைநின்றார். 1975 இல் அந்நாட்டுத் தொழிற்சங்கப் பேரவைக்கும் தொழில்கொள்வோர் சங்கத்துக்கும் இடையே கணினி முறைகள் பற்றிய பொது உடன்படிக்கை ஏற்பட்டது. பொருள்களை வகுக்கும் மொழியை ஆக்கியவரே, மனிதரை அவர்தம் இசைவின்றி வகுத்தலாகாது என்று போராடியது நினைவிற் கொள்ளத்தக்கது.

டாலுக்கும் நைகார்டுக்கும் 2001 ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் விருது வழங்கப்பட்டது. 2002 ஆம் ஆண்டிலே, இரு மாதங்களுக்குள் ஒருவர் பின் ஒருவராக இருவரும் மறைந்தனர்.

கணினி பயிலும் மாணவர்க்கு ஒன்று கூறி அமைகின்றேன். ஒரு வகுப்பை மற்றொன்றின் சேயாக எழுதுமுன், எத்தனை வரி மிச்சமாகும் என்று கேளாதீர்கள். இது மெய்யாகவே அதன் இனந்தானா, தாய் அளித்த வாக்கை இச்சேய் எவ்விடத்தும் காக்குமா என்று கேளுங்கள். அவ்விரு வினாக்களுக்கும் ஆம் என்று விடை கூற முடிந்தால், முதுசொத்தை அச்சமின்றி ஏற்றுக்கொள்ளலாம். இயலாதெனின், தேடியதேட்டமே போதும்.